ஒருமுறை மட்டும் வேகும் பிஸ்கட்

டீக்கடையில் பிஸ்கட் ஜாடியும் ரஸ்க் ஜாடியும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். பழைய ரோமாபுரிக்காரர் ஒருவரை அழைத்து வந்து ‘பிஸ்கட் எடுங்கள்’ என்றால், அவர் கை ரஸ்க்குக்குத்தான் போகும். லத்தீனில் ‘பிஸ்’ என்றால் இருமுறை, ‘கோக்டுஸ்’ என்றால் வெந்தது. பிரெஞ்சு வழியாக அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது.

அன்று பிஸ்கட் தின்பண்டம் அல்ல, கப்பல்காரனின் சாப்பாடு. மாவும் தண்ணீரும் பிசைந்து சுட்டு, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்திவிடுவார்கள். மாதக்கணக்கில் பூசணம் பிடிக்காது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடற்படையில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம். பூசணம்தான் பிடிக்காது, வண்டு பிடிக்கும். மாலுமி அதை மேசைமேல் நாலு தட்டு தட்டி, உள்ளே இருப்பது உதிர்ந்த பிறகுதான் வாயில் வைப்பான். பல்லுக்கு மசியாவிட்டால் எதிலாவது நனைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எழுத்தின் கதை வேறு. 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலேயர் பெரும்பாலும் சொல்கிறபடியே ‘பிஸ்கெட்’ என்று எழுதினார்கள். பிறகு பிரெஞ்சு எழுத்துகளை இறக்குமதி செய்தார்கள். உச்சரிப்பை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆக்ஸ்போர்டு அகராதியே இதை அர்த்தமற்ற வேலை என்று கடிந்துகொண்டது. காதில் விழுகிறபடி எழுதும் தமிழருக்கு அந்தத் தொல்லை இல்லை.

இங்கிலாந்தின் ரீடிங் நகரத்தில் 1822இல் சிறு கடையாகத் தொடங்கிய ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் போன்ற நிறுவனங்கள் இயந்திரம் வைத்துச் சுட ஆரம்பித்தன. சர்க்கரை, வெண்ணெய், அழகான தகர டப்பா எல்லாம் சேர்ந்தன. இன்று பிஸ்கட் பெயரில்தான் இருமுறை, அடுப்பில் ஒருமுறைதான். அமெரிக்காவில் கேட்டால் மெத்தென்று ஒரு சிறு ரொட்டி வரும், மேலே குழம்பு ஊற்றியும் தருவார்கள். மொறுமொறுப்பானதற்கு அங்கே டச்சுக்காரர் கொடுத்த பெயர், குக்கீ. நாமோ தங்கக் கட்டியையும் பிஸ்கட் ஆக்கினோம். ஒருவரைக் குளிர்விக்கப் புகழ்ந்தால் ‘பிஸ்கட் போடுகிறான்’ என்கிறோம்.

அப்படியானால் எதைத்தான் பிஸ்கட் என்பது? பிரிட்டனில் 1991இல் இது வழக்காகவே வந்தது. அங்கே சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு வரி உண்டு, கேக்குக்கு இல்லை. சாக்லேட் பூசிய ‘ஜாஃபா கேக்’ என்ற தின்பண்டம் இவற்றில் எது? தீர்ப்பாயம் பார்த்தவற்றுள் ஒன்று, நம் பாட்டிகளுக்கும் தெரிந்த சோதனை: திறந்து வைத்தால் கேக் காய்ந்து இறுகும், பிஸ்கட் நமத்துப்போகும். ஜாஃபா கேக் இறுகியது. கேக்தான் என்று தீர்ப்பாயிற்று, வரி தப்பியது.

அதே சோதனையில் அமெரிக்க பிஸ்கட் தேறாது. டீக்கடை ரஸ்க்கோ தாராளமாகத் தேறும். மூடி சரியாக மூடாத ஜாடியில் மழைக்காலத்தில் அது எப்படி நமத்துப்போகிறது என்று தெரியாதவர் உண்டா? ரொட்டியாக ஒருமுறை, துண்டு போட்டு மறுமுறை என்று இன்றும் இரண்டு தடவை வேகிறது. என் தீர்ப்பு ரஸ்க் பக்கம்.