நம்ம பொருளுக்கு நாமதான் விளம்பரம்



கூட்டமைப்புக் கூட்டத்தில் அடிக்கடி வரும் கேள்வி இது: "பொருள் நல்லாத்தான் செய்றோம், ஆனா விக்க மாட்டேங்குதே, என்ன செய்ய?" முன்பெல்லாம் கண்காட்சி, சந்தை, பூமாலை வளாகம் என்று பதில் சொல்வோம். இப்போது கையில் இருக்கும் போனிலேயே விற்கலாம். எப்படி விற்பது என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். முக்கூடலுக்குப் பக்கத்திலேயே பத்தமடை இருக்கிறது.

பத்தமடைப் பாய் சொல்லும் பாடம்

தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்து நெய்வது பத்தமடைப் பாய். நயமான பாயில் பாவு நூல் 100 முதல் 140 வரை ஓடும். கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பெயர் போட்டும் நெய்து தருவாங்க. கல்யாண வீட்டுக்கு வந்தவங்க அதைப் பார்த்து, "எங்க வாங்குனீங்க?" என்று கேட்பாங்க. பெயர் பரவியது இப்படித்தான்.

பெயர் வந்தால் கூடவே ஒரு தொல்லையும் வரும். வேறு எங்கோ செய்த பாயையும் அதே பெயரில் விற்கலாம் அல்லவா? இதைத் தடுக்கத்தான் புவிசார் குறியீட்டுச் சட்டம். 1999-ல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. பத்தமடைப் பாய்க்கு 2012-13-ல் இந்தக் குறியீடு கிடைத்தது. ஆனால் ஒரு வீட்டில் மோசமான பாய் நெய்து கொடுத்தால், கெட்ட பெயர் எல்லா வீட்டுக்கும்தானே? அதற்குச் சட்டம் என்ன செய்யும்? நம் குழுக்களும் அப்படித்தான்.

நமக்கே நடந்தது

நம் குழு ஒன்று தீபாவளிக்கு அதிரசம், முறுக்கு போட்டது. இணையத்தில் கிடைத்த பளபளப்பான படத்தை ஸ்டேட்டஸில் வைத்தார்கள். ஆர்டர் குவிந்தது. பலகாரம் ருசியாகத்தான் இருந்தது, ஆனால் படத்தில் இருந்த மாதிரி இல்லை. ஒருவர் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் "ஏமாத்திட்டாங்க" என்று எழுதிவிட்டார். பொங்கலுக்கு அந்தத் தெருவில் நம்முடைய வேறொரு குழுவின் மசாலாப் பொடியைக்கூட யாரும் வாங்கவில்லை. பிறகு நாங்கள் நாலு பேர் வீடு வீடாகப் போய் வருத்தம் தெரிவித்து, புதிதாகச் செய்த பலகாரம் கொடுத்துவிட்டு வந்தோம். பாதிப் பேர் திரும்பி வந்தாங்க. மீதிப் பேர் இன்னும் வரல.

என்ன செய்யலாம்?

* நம்ம பொருளை நாமே படம் எடுக்கணும். காலை வெளிச்சத்தில் வாசலில் வைத்து எடுத்தாலே போதும். செய்கிற கையும் படத்தில் தெரிந்தால் நம்பிக்கை கூடும்.

* விலை, எடை, செய்த தேதி, அனுப்பும் செலவு நாலையும் படத்தோடு எழுதுங்க. தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணும் பாக்கெட்டில் இருக்கணும்.

* கேட்காதவங்களை குரூப்பில் சேர்க்காதீங்க. தினமும் பத்துப் படம் போட்டால் பார்க்க மாட்டாங்க. வாரம் இரண்டு போதும்.

* 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம். அதில் பொருள் பட்டியலை விலையோடு வைக்கலாம். ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் இதிலும் சேர்த்து வைக்க முடியாது. ஆகவே குழுவுக்குத் தனி எண் நல்லது.

* யாராவது குறை சொன்னால் அன்றைக்கே பதில் சொல்லுங்க. சண்டை போடாதீங்க, பதிவை அழிக்கவும் சொல்லாதீங்க. "மாத்தித் தாரோம்" என்று சொல்லி, சொன்னபடி மாத்திக் கொடுங்க.

* "பணம் அனுப்பிட்டேன், ரகசிய எண்ணைப் போடுங்க" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீங்க. பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை, கொடுக்கத்தான் தேவை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்க.

இதெல்லாம் படித்தவங்க வேலை என்று ஒதுங்க வேண்டாம். போனில் பேரனுக்கு போட்டோ அனுப்பத் தெரிந்த அக்காவுக்கு இதுவும் வரும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தாங்களே எடுத்த ஒரு படத்தோடு வாருங்கள். எது சரி, எது சரியில்லை என்று எல்லோரும் சேர்ந்து பார்த்துத் திருத்துவோம்.