ஒரே ஒரு குறியை மாற்றக்கூட ஏன் இத்தனை பேர் பார்க்க வேண்டும்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம். ஆனால் அது ஒரே வரியானாலும், அப்பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளர் ஒப்பாமல் உள்ளே போகாது. இவ்வளவு கெடுபிடி எதற்கு?

2003 நவம்பரில், மூலநிரலின் நகல் ஒன்றில் எவரோ கள்ளத்தனமாக இரண்டு வரிகளைச் செருகியிருந்தனர். அந்த நிரலில் இரட்டைச் சமக்குறி ‘இரண்டும் ஒன்றா?’ என்று கேட்கும். ஒற்றைச் சமக்குறியோ ‘இதை அதுவாக்கு’ என்று ஆணையிடும். பயனரின் எண் சுழியமா என்று சோதிப்பதுபோல் தோன்றிய, அவ்விரண்டில் ஒரு வரி, ஒரு குறி குறைந்ததால், அந்த எண்ணையே சுழியமாக்க வல்லதாக இருந்தது. சுழியமோ கணினியில் சகல அதிகாரமும் படைத்தவருக்குரிய எண். முதன்மைத் தொகுப்பில் அதற்கு ஒப்புதல் பதிவு இல்லாததால்தான் குட்டு வெளிப்பட்டது.

இத்தகைய நுண்பிழை எப்படிக் கண்ணில் படும்? மூட்டை அரிசியில் தெரியாத கல், ஒரு பிடியை முறத்தில் பரப்பினால் தெரிந்துவிடும் அல்லவா? அதனால்தான் பெரிய மாற்றத்தையும், ஒவ்வொன்றும் ஒரே காரியத்தைச் செய்யும் சிறு ‘ஒட்டு’களாகப் பிரித்து அனுப்பச் சொல்கிறார்கள். நீக்கிய வரியின் முன் கழித்தல் குறியும் சேர்த்த வரியின் முன் கூட்டல் குறியும் நிற்க, சரிபார்ப்பவர் அவற்றோடு ‘ஏன் இந்த மாற்றம்?’ என்ற விளக்கத்தையும் எடைபோட்டு, மனம் நிறைந்தால் தம் பெயரைப் பதிக்கிறார். பின்னாளில் அவ்வரி சிக்கல் தந்தால், யாரைக் கேட்பது என்பது அப்பதிவிலேயே இருக்கும்.