நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு... மேய்க்க ஆள் வேணுமுங்க!

ஏனுங்க, நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குப் போடுற மெஷினைப் பார்த்துக்க ஆள் எடுக்கணும்னா யாரைக் கூப்பிடுவீங்க?

மெஷின் ஒண்ணும் அமெரிக்காவில் இல்லை. அவிநாசியிலிருந்து பல்லடம், காங்கேயம், கரூர் தாண்டினால் திருச்சி என்.ஐ.டி. அங்கே 2022 மே 25-ல் தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டர்தான் அது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் வந்தது. உள்ளே ஓடும் மென்பொருள் அடுக்கு, அரசு நிறுவனமான சி-டாக்கின் கைவண்ணம். சூட்டைத் தணிக்க ஏசி காற்று போதாதென்று, சிப்பின் தலைமேலேயே திரவத்தை ஓடவிடுகிறார்கள். கரண்டும் தண்ணியும் இவ்வளவு ஒட்டி உறவாடி எங்கே பார்த்திருக்கிறோம்!

சித்திரையில் அவிநாசித் தேருக்கு வடம் பிடிக்க ஊரே திரளும். ஆனால் வீதி முனையில் தேர் திரும்புவது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலர் கையில். இந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் புரோகிராமரும் அப்படியொரு முட்டுக்கட்டைக்காரர்தான்.

அவர் கட்டி மேய்ப்பது, மெஷினில் ஓடக் காத்திருக்கும் கணக்குகளின் வரிசையை. இந்த மாதிரி மையங்களில் ‘ஸ்லர்ம்’ என்ற மென்பொருள்தான் பெரும்பாலும் அதைப் பார்த்துக்கொள்ளும். மெஷினுக்குள் கோத்திருக்கும் கம்ப்யூட்டர்களில் ஒருவருக்கு நாற்பது, மூன்று நாளைக்கு வேண்டும். இன்னொருவருக்கு ஒன்றே ஒன்று, பத்து நிமிஷத்துக்கு. பெரியவருக்கு நாற்பதும் காலியாகும்வரை சும்மா கிடக்கும் இடுக்கில் சின்னவரை நுழைத்துவிடுவார்கள், பெரியவருக்கு ஒரு நிமிஷமும் தாமதமாகாமல்! இதற்குப் பெயர் பேக்ஃபில். பத்து நிமிஷ வேலைக்குப் பயந்து பத்து மணி நேரம் கேட்டால், அந்த இடுக்கில் நுழைய முடியாது.

இந்த வேலை நமக்குப் புதுசும் இல்லை. 1973-ல் ஜெர்மன் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தபோது துளை போட்ட அட்டைக் கட்டுகள்தான் வரிசையில் நின்றன. 2004-ல் தரமணி கணித அறிவியல் நிறுவனம் 144 கம்ப்யூட்டர்களைக் கோத்து ‘கப்ரு’வை எழுப்பி, ஒரு டெராஃப்ளாப்பை, அதாவது நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கைத் தொட்டது.

சரி, ஆள் எடுப்பதற்கு வருவோம். விளம்பரத்தில் பி.இ., எம்.சி.ஏ., லினக்ஸ், ஸ்கிரிப்ட் என்று அடுக்குவார்கள். என் கையில் விட்டால், எல்லாரும் உள்ளே நுழையும் வாசல் கம்ப்யூட்டரான லாகின் நோடு பற்றி ஒரே கேள்விதான்: “லாகின் நோடு திணறுது, போன் ஓயாம அடிக்குது. முதலில் என்ன பண்ணுவீங்க?”

“ரீஸ்டார்ட்” என்றால், போயிட்டு வாங்க கண்ணு! “உள்ளே யார் என்ன ஓட்டுறாங்கன்னு ‘டாப்’ அடிச்சுப் பார்ப்பேன்” என்றால் டீ சொல்லிவிடலாம். முக்கால்வாசி நேரம், புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர் யாராவது வரிசையில் நிற்காமல் வாசலிலேயே கணக்கை ஓட்டியிருப்பார். அவர் மனசு நோகாமல் எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு எந்த சர்ட்டிபிகேட்டும் கிடையாது.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பதவிகளில் பல, ஒப்பந்த வேலைகள். தேறிய ஆளைச் சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனி கூடுதல் சம்பளம் காட்டிக் கூட்டிப்போய்விடும். மெஷினுக்குக் கோடிகளைக் கொட்டிவிட்டு ஆளுக்குக் கணக்குப் பார்ப்பது நல்லா இல்லீங்க.

அவிநாசி, பூண்டி, பெருமாநல்லூர்ப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி தங்கைகளே, வீட்டில் தூங்கும் பழைய கம்ப்யூட்டர் இரண்டைத் தூசி தட்டுங்கள். லினக்ஸ் ஏற்றுங்கள், ஒன்றோடொன்று கோத்து ஸ்லர்ம் போடுங்கள். அதுவும் இலவசம்தான்.