உங்களுக்குத் தெரியுமா? கிலோவாக ஏறியது கிராமாகத்தான் இறங்கும்!

அதியமான் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? நெல்லிக்கனிதானே! அது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதையைக் கேளுங்கள். கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததும் அதியமானின் முன்னோர்கள்தான்! புறநானூற்றின் 99-ஆவது பாட்டில் ஔவையாரே இதைப் பாடியிருக்கிறார்!

அதாவது நெல்லிக்கும் சர்க்கரைக்கும் ஒரே விலாசம்: அதியமான் ஆண்ட தகடூர், இன்றைய தருமபுரி! இன்றைக்கும் தருமபுரி மாவட்டத்தில் சர்க்கரை ஆலை ஒன்றல்ல, இரண்டு! பாலக்கோட்டில் ஒன்று, கோபாலபுரத்தில் ஒன்று!

அந்தச் சர்க்கரையில் ஒரு சின்ன ஸ்பூன் எடுங்கள். 5 கிராம். 20 கலோரி. தருமபுரியை ஒட்டிய அதியமான்கோட்டை பைபாஸ் டீக்கடையில் ஒரு நாளைக்கு மூன்று டீ, டீக்கு இரண்டு ஸ்பூன். மொத்தம் 120 கலோரி. சாப்பாடு, வேலை எதையும் மாற்றாமல் இந்தச் சர்க்கரையை மட்டும் நிறுத்தினால் எவ்வளவு எடை குறையும்? சுமார் 5 கிலோ! எத்தனை நாளில்? கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள். மூன்று வருடத்தில்! முதல் வருடம் முடியும்போது பாதிதான் குறைந்திருக்கும்! அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2011-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கணக்கு இப்படித்தான் சொல்கிறது. ‘ஏழே நாளில் ஏழு கிலோ’ போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம்!

உடம்பில் இருக்கும் ஒரு கிலோ கொழுப்புக்குள் எவ்வளவு சக்தி அடைந்து கிடக்கிறது தெரியுமா? சுமார் 7,700 கலோரி! 70 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது சுமார் 50 கலோரி. அதியமான்கோட்டையில் நடக்க ஆரம்பித்து, ஒரு கிலோ கொழுப்பு கரையும்வரை நிற்காமல் நடந்தால் எங்கே போய் நிற்பீர்கள்? பெங்களூரில்! திரும்பி வருவதற்குப் பஸ் இருக்கிறது, கவலை வேண்டாம்!

2023 நவம்பர் 4 அன்று தமிழ்நாடு முழுக்க ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு நடைபாதை, நீளம் 8 கிலோமீட்டர். அதில் எத்தனை முறை போனால் ஒரு கிலோ? சுமார் 19 முறை!

சரி, குறைந்த கொழுப்பு எங்கே போனது? வியர்வையில் என்பீர்கள். பாத்ரூமில் என்பீர்கள். இரண்டும் தப்பு! பெரும்பங்கு மூக்கு வழியாகப் போனது! 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறிவிடுகிறது. மீதி 1.6 கிலோ மட்டும்தான் தண்ணீர்! ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மேனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதை எழுதியபோது டாக்டர்களே வாயைப் பிளந்தார்கள். அந்த 10 கிலோவை எரிக்க நீங்கள் உள்ளே இழுக்க வேண்டிய ஆக்சிஜன் 29 கிலோ! வேகவேகமாக மூச்சு விட்டால் வேகமாகக் குறையுமா என்று கேட்காதீர்கள். தலைதான் சுற்றும்!

முதல் வாரத்திலேயே 2 கிலோ குறைந்துவிட்டதா? கை கொடுங்கள்! ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர்! ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு அரைக் கிலோ அளவுக்கு இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது! சாப்பாட்டைக் குறைத்ததும் சேமிப்பு காலி, தண்ணீரும் காலி. இரண்டாவது வாரம் முள் நகராது. ‘டயட் வேலை செய்யலை’ என்று ஊரே கைவிடுவது சரியாக அந்த வாரத்தில்தான்!

இன்னொரு வேடிக்கை. வாரத்துக்கு அரைக் கிலோ குறைகிறது என்றால் நாளைக்கு 70 கிராம். ஒரு டம்ளர் தண்ணீர் 200 கிராம்! மூன்று நாள் பாடுபட்டுக் குறைத்ததை ஒரே டம்ளர் மறைத்துவிடுகிறது! உப்பு, ஊறுகாய், அப்பளம் என்று ஒருநாள் வெளுத்துக் கட்டினால் மறுநாள் காலையில் ஒரு கிலோ கூடியிருக்கும். அத்தனையும் தண்ணீர்!

எடை மெஷினில் தினமும் ஏறி இறங்குகிறவரா நீங்கள்? இத்தாலியில் சாண்டோரியோ என்று ஒரு டாக்டர் இருந்தார். தராசில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, தன்னையும் தான் சாப்பிட்டதையும் வெளியே போனதையும் எடை போட்டார். எவ்வளவு காலம்? 30 வருடம்! 1614-ல் புத்தகம் போட்டார். 8 பவுண்டு சாப்பிட்டால் 5 பவுண்டு கண்ணுக்குத் தெரியாமலே உடம்பை விட்டுப் போய்விடுகிறது என்றார்!

தருமபுரிப் பக்கம் களிக்குப் பஞ்சமில்லை. கொதிக்கிற தண்ணீரில் கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் கிண்டி, கையை நனைத்துக்கொண்டு உருட்டி, நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றினால், மெல்லவே வேண்டாம், விழுங்க வேண்டியதுதான்! களி சாப்பிட்டால் எடை குறையும் என்கிறார்களே, கலோரி எவ்வளவு தெரியுமா? 100 கிராம் கேழ்வரகில் சுமார் 320. அரிசியில் சுமார் 355. வித்தியாசம் அவ்வளவுதான்! ஆனால் நார்ச்சத்தைப் பாருங்கள்: அரிசியில் 2.8 கிராம், கேழ்வரகில் 11.2 கிராம். நான்கு மடங்கு! கால்சியம் 364 மில்லிகிராம். அரிசி அதில் 10-ஐக்கூடத் தொடாது! வயிறு நிறைந்த மாதிரி இருப்பது களியின் மாயமில்லை, நாரின் வேலை!

இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள் என்றார்களே, பாட்டிகள் கலோரி அட்டவணை படித்தா சொன்னார்கள்? 100 கிராம் எள்ளில் 500 கலோரிக்கு மேல்! கொள்ளில் 330! கணக்கு கச்சிதம்!

அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில் போயிருக்கிறீர்களா? சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி, உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்கேற்றுகிறார்கள். அந்தப் பூசணியின் சதையில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி? 20கூட இல்லை! மேலே ஊற்றிய எண்ணெயில்? 100 கிராமுக்கு 900! கூட்டு செய்யும்போது தாளிக்கிற கரண்டியைக் கொஞ்சம் கவனியுங்கள்!

ஒல்லியாக இருக்கிறோம், நமக்கென்ன என்கிறீர்களா? புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்களையே அளந்து பார்த்தார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் அச்சு அசலாக 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம்! இரண்டு மடங்குக்கு மேல்!

தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை. இது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இந்திய சராசரி? பெண்கள் 24, ஆண்கள் 22.9 மட்டுமே! நாம் எதிலும் முன்னணி!

இப்போது இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 531 பேரை எடுத்துக்கொண்டது. எல்லோரும் சர்க்கரை நோயின் வாசல்படியில் நிற்பவர்கள். ஒரு பகுதியினருக்கு நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மட்டும்தான் சிகிச்சை. மூன்று வருடம் ஓடியது. எடை மெஷினில் ஏற்றினால், எடை அப்படியே இருக்கிறது! எவ்வளவு கடுப்பாக இருந்திருக்கும்! ஆனால் ரத்தத்தைப் பரிசோதித்தால்? சும்மா விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடந்தவர்களில் 39.3 சதவீதம்தான்! ஆபத்து 28.5 சதவீதம் குறைவு! 2006-ல் வெளியான ஆய்வு இது. முள் நகரவே இல்லை, நோய் நகர்ந்துவிட்டது!

எடையும் குறைந்தால்? அமெரிக்காவில் இதே மாதிரி நடந்த ஆய்வில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சர்க்கரை நோய் ஆபத்து 16 சதவீதம் குறைந்தது!

ஒரே ஒரு கிலோ குறைந்தாலும் முழங்கால் கொண்டாடுகிறது. அடிக்கு அடி 4 கிலோ பாரம் குறைகிறதாம்! 5,000 காலடி நடந்தால் ஒரு முழங்காலுக்கு 2,500 காலடி. பெருக்குங்கள். 10,000 கிலோ! தொப்பூர் கணவாயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறதே லாரி, அதில் ஏற்றுகிற 10 டன் சரக்கு!

குறையக் குறையக் கொழுப்பு செல்கள் அழிகின்றன என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! செல்கள் சுருங்குகின்றன, எண்ணிக்கை அப்படியே இருக்கிறது! வயிற்றில் ஆபரேஷன் செய்து எடையைக் குறைத்தவர்களுக்கும் இதே கதைதான். 2008-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். எப்படி? பனிப்போர்க் கால அணுகுண்டு சோதனைகள் காற்றில் விட்ட கதிரியக்கக் கார்பனை வைத்துச் செல்லின் வயதைக் கணக்கிட்டு! வருடத்துக்குப் பத்தில் ஒரு செல்தான் புதிதாகிறது!

வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பு என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கரைத்தால்? பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு எகிறுகிறது!

ஆனால் ஒரு திருப்பம்! மெல்பர்னில் 200 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு 12 வாரத்தில் குறைத்தது, இன்னொன்று நிதானமாக 36 வாரத்தில். ‘மெதுவாகக் குறைத்தால் திரும்ப ஏறாது’ என்று எல்லோரும் சத்தியம் செய்கிறோமே? மூன்று வருடம் கழித்து இரு பிரிவினருக்கும் குறைந்ததில் சுமார் 71 சதவீதம் திரும்ப ஏறியிருந்தது! 2014-ல் வந்த முடிவு. குறைப்பதில் மட்டுமில்லை, குறைத்த பிறகும் பொறுமை வேண்டுமாம்!

அமெரிக்க டிவியில் எடை குறைக்கும் போட்டி ஒன்று. 30 வாரத்தில் 14 பேர் சராசரியாக 58 கிலோ குறைத்தார்கள்! ஆறு வருடம் கழித்துப் பார்த்தால் 41 கிலோ திரும்ப வந்திருந்தது. அதைவிட அதிர்ச்சி: சும்மா படுத்திருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்க வேண்டியதைவிட நாளைக்கு 500 கலோரி குறைவாக எரித்தது. ஆறு வருடம் ஆகியும்!

அப்படியானால் ஜெயித்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள், அதுவும் 10,000 பேருக்கு மேல்! 1994-ல் அமெரிக்காவில் இவர்களுக்கென்றே ஒரு பதிவேடு திறந்தார்கள். சராசரியாக 30 கிலோ குறைத்து, ஐந்தரை வருடம் ஏறாமல் காத்தவர்கள். பத்தில் ஒன்பது பேர் தினமும் சுமார் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி!

உலகின் முதல் ஹிட் டயட் புத்தகங்களில் ஒன்றை எழுதியது டாக்டர் இல்லை, சவ அடக்கம் செய்து கொடுக்கிறவர்! லண்டனின் வில்லியம் பேண்டிங். குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது, மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். படகு ஓட்டிப் பார்த்தார். பசிதான் அதிகமானது! பிறகு ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விட்டார். 1862 ஆகஸ்டில் 92 கிலோ, ஒரு வருடத்தில் 21 கிலோ குறைவு. வாரத்துக்கு அரைக் கிலோகூட இல்லை! வாழ்ந்தது 81 வயது வரை!

அவசரத்துக்கு உச்சம் ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பார்பியேரி. 1965-ல் ஆரம்பித்து 382 நாள் சாப்பிடவே இல்லை! தண்ணீர், டீ, காப்பி, வைட்டமின் போன்றவைதான். 207 கிலோ 82 ஆனது. டாக்டர்கள் கண்காணித்துக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் முயற்சி செய்யவே கூடாது, ஆமாம்! விரதம் முடித்துச் சாப்பிட்டது ஒரு வேகவைத்த முட்டையும் வெண்ணெய் தடவிய ஒரு ரொட்டித் துண்டும்!

பொறுமையில் நம்மை எல்லாம் தூக்கிச் சாப்பிடும் அப்பா யார் தெரியுமா? அண்டார்டிகாவின் எம்பரர் பென்குவின்! முட்டையைக் காலில் வைத்துக்கொண்டு, பனிப்புயலில், கிட்டத்தட்ட நான்கு மாதம் பட்டினி. உடல் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும்!

ஊசி போட்டால் உடனே குறையுமாமே? 2025-ல் இந்தியாவுக்கும் வந்துவிட்டதே ‘வெகோவி’? பெரிய ஆய்வில் சுமார் 15 சதவீதம் எடை குறைந்தது உண்மை. ஆனது 68 வாரம்! முழு டோஸுக்குப் போகவே 16 வாரம்! நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்தது!

இந்த மருந்துக் குடும்பத்தில் முதலில் கடைக்கு வந்தது எதிலிருந்து பிறந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பல்லி விஷத்திலிருந்து! அமெரிக்கப் பாலைவனத்தின் கிலா மான்ஸ்டர் பல்லி. அதன் விஷத்தில் 1992-ல் ஜான் எங் என்ற டாக்டர் கண்டெடுத்த பொருள், 2005-ல் சர்க்கரை நோய் ஊசியானது. அந்தப் பல்லி காட்டில் சாப்பிடுவது எத்தனை முறை தெரியுமா? நாளைக்கு இல்லை, மாதத்துக்கும் இல்லை. வருடத்துக்கு 5 முதல் 10 முறை!