66 புத்தகங்களா? 73 புத்தகங்களா?



பெருநகரங்களில் ரோமன் கத்தோலிக்கக் குடும்பங்களோடு அருகருகே வாழும் நம் விசுவாசிகளுக்கு, "உங்கள் வேதாகமத்தில் ஏழு புத்தகங்கள் ஏன் இல்லை?" என்ற கேள்வி புதிதல்ல. "1546-ஆம் ஆண்டு டிரெண்ட் சங்கத்தில் நீங்களே சேர்த்துக்கொண்டீர்கள்" என்கிறோம் நாம். "மார்ட்டின் லூத்தர் நீக்கிப்போட்டார்" என்கிறார்கள் அவர்கள். இரண்டுமே முழு உண்மையல்ல.

புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை. பழைய ஏற்பாட்டில் நமக்கு 39, அவர்களுக்கு 46. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக், மக்கபேயர் இரண்டு ஆகமங்கள் ஆகியவையே அந்த ஏழு. எஸ்தரிலும் தானியேலிலும் சில கூடுதல் பகுதிகளும் உண்டு.

ஆதிச்சபையார் வாசித்த கிரேக்கப் பழைய ஏற்பாட்டோடு இவை வழங்கிவந்தன. அகஸ்டின் இவற்றை வேதமாக ஏற்றார். அவர் காலத்தவரான ஜெரோமோ, எபிரெய வேதத்தில் இல்லாத இவை சபையில் வாசிக்கத் தக்கவை, ஆனால் உபதேசத்தை நிலைநாட்டும் ஆதாரமல்ல என்றார். ஆகவே இது லூத்தருக்கு ஆயிரம் ஆண்டுகள் முந்தின விவாதம். 1534-ல் வெளிவந்த லூத்தரின் ஜெர்மானிய வேதாகமத்திலும், 1611-ன் ஜேம்ஸ் அரசர் வேதாகமத்திலும் இவை தனிப் பகுதியாக அச்சிடப்பட்டிருந்தன. டிரெண்ட் சங்கமோ இவற்றை மற்ற ஆகமங்களுக்குச் சமமென்று தீர்மானித்து, ஏற்காதவர்களைச் சாபத்திற்குட்படுத்தியது.

அப்படியானால் நமது அஸ்திபாரம் எது? தேவனுடைய வாக்கியங்கள் யூதரிடத்தில் ஒப்புவிக்கப்பட்டன என்று பவுல் எழுதுகிறார் (ரோமர் 3:2). அவர்கள் காத்துவந்த எபிரெய வேதமே நமது பழைய ஏற்பாடு. அவர்கள் எண்ணும் 24 புத்தகங்களைப் பிரித்து எண்ணினால் நமது 39 ஆகும்.

இது வெறும் எண்ணிக்கைத் தர்க்கமன்று. மரித்தோருக்காகப் பலி செலுத்தி ஜெபித்ததை 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரம் கூறுகிறது. இரு சபையாரும் கலந்த குடும்பத்தில் மரணம் நேரிடும்போது, இவ்வேறுபாடு துக்கவீட்டின் வாசலில் வந்து நிற்கும். அங்கே நாம் 1 தெசலோனிக்கேயர் 4-ன் நம்பிக்கையைச் சாந்தமாய்ச் சொல்லுவோம். வாக்குவாதத்திற்கு அது இடமல்ல.

பிறனுக்கு விரோதமாய்ப் பொய்சாட்சி சொல்லலாகாது என்ற கற்பனை, வேதத்தைக்குறித்த விவாதத்திலும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. மேலும், ஏழு புத்தகங்களைக்குறித்துத் தர்க்கிக்கிற நாம், நம் கையிலிருக்கும் அறுபத்தாறையும் ஒருமுறையாவது முழுவதும் வாசித்திருக்கிறோமா?