ரேகை விழவில்லையா? முதலில் தேதியைப் பாருங்கள்

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டாரத்தில் பருத்தி எடுத்தும் சின்ன வெங்காயம் அரிந்தும் தேய்ந்த கைகள் ஏராளம். பி.எம். கிசான் பணத்துக்கோ, ஓய்வூதிய உயிர்வாழ் சான்றுக்கோ கணினி மையத்துக்கு வரும் மூதாட்டியிடம், "ரேகை விழல ஆயா, கை தேஞ்சு போச்சு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். பல நேரம் அது உண்மை. ஆனால் மேசையில் இருப்பது பழைய கணினி என்றால், அந்த விரலைக் குறை சொல்ல நமக்கு இன்னும் உரிமை வரவில்லை.

திரையின் வலது ஓரத்தில் தேதியைப் பாருங்கள். இரவில் மெயினை அணைத்த பிறகும் கணினியின் கடிகாரம் ஓடுவது மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் சிமாஸ் பேட்டரியால். அது தீர்ந்தால், காலையில் கணினி பல வருடம் பின்னால் போய் விழித்துக்கொள்ளும். ரேகைக் கருவியின் விளக்கு எரியும், விரலையும் படம் பிடிக்கும். ஆனால் அந்தப் பதிவைப் பூட்டி அனுப்பும்போது நேரமும் சேர்ந்தே போகிறது. நேரம் பழையதென்றால் ஆதார் சர்வர் 561 என்ற பிழை எண்ணோடு திருப்பிவிடும்; வருங்கால நேரமென்றால் 562. பாதுகாப்பான இணையதளங்களும் தேதி தவறினால் திறக்க மறுக்கும். விண்டோஸ் தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளும்தான். ஆனால் பிழை பல மணி நேரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் அதுவும் கைவிட்டுவிடும். சிஆர் 2032 என்று கேட்டு ஒரு பேட்டரி வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

அடுத்தது மின்சாரம். ரேகைக் கருவியைச் செருகும், 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், அதிகபட்சம் 500 மில்லிஆம்பியர். அந்த மின்சாரத்தைத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (பவர் சப்ளை) இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள், 10 டிகிரி வெப்பம் ஏறினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் நெடுநாள் கணக்கு. நம் ஊர் வெயிலில், தூசி அடைத்த கேபினெட்டுக்குள் அது என்ன பாடுபடும்! கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டுக்கு மின்சாரம் மெல்லிய ஒயர் வழியாக வருவதால் அங்கே வோல்டேஜ் இன்னும் இறங்கும். கருவி இணைந்து துண்டிக்கும் ஓசை மாறி மாறிக் கேட்டால் சந்தேகம் இங்கேதான். மதர்போர்டிலேயே உள்ள பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். இதே போர்ட்டில் செருகிய வெளி ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால் மறுபடி மறுபடி முயல வேண்டாம். உள்ளே இருக்கும் தகவலுக்கே ஆபத்து. தனி அடாப்டர் உள்ள ஹப் வழியாக ஒரு முறை பார்க்கலாம்.

கணினியில் எந்த விண்டோஸ் என்றும் பாருங்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டதால், புதுக் கருவிகளுக்கு அதில் டிரைவர் கிடைப்பதும் அரிது.

இவ்வளவும் சரியாக இருந்தும் ரேகை விழாவிட்டால், கருவியின் கண்ணாடியைத் துடைத்து, வறண்ட விரலை லேசாக ஈரப்படுத்தி, மற்ற விரல்களையும் வைத்துப் பாருங்கள். உயிர்வாழ் சான்றுக்கு 2021 முதல் முக அடையாளமும் செல்லும். அதற்கு ரேகைக் கருவியோ கணினியோ வேண்டாம், ஆண்ட்ராய்டு போன் போதும்.