நாற்றங்காலில் நேர்ந்த கேடு

நாற்றங்காலில் நீரின்றி வாடிய பயிரை நட்டுவிட்டு, அறுவடையின்போது கதிர் ஏன் சிறுத்தது என்று வியக்கும் மிராசுதார் நமது தஞ்சை ஜில்லாவில் ஒருவரும் இரார். மனிதர் விஷயத்தில் மட்டும் அவ்வாறு வியக்கிறோம். "இந்த ஜனங்கள் கூலியைக் குடித்தே தொலைக்கிறார்கள், நாற்பது வயதில் கிழவராகிறார்கள், இது குலத்தின் குணம்" என்று திண்ணைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். இவ்வபிப்பிராயம் பிழையானது, அநீதியுமானது.

பண்ணையாளின் பாலியம் எத்தகையது? பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் சிறுவன் பண்ணை மாட்டை மேய்த்தான். தகப்பன் சவுக்கடி படுவதையும், சாணிப்பால் குடிக்கும்படி பலவந்தம் செய்யப்படுவதையும் காண நேர்ந்தது. 1940-களில் ஸ்ரீ பி. சீனிவாசராவ் முதலியோர் தலைமையில் தொழிலாளர் ஒன்றுகூடிப் போராடியதனாலேயே அக்கொடுமைகள் ஒடுங்கின. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது கூலியையும் வேலை நீக்கத்தையும் பற்றியது. சிறுபிராயத்தில் பட்ட அச்சத்திற்கு அதில் பரிகாரம் ஏது?

அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் 17,000-க்கு மேற்பட்டோரின் பாலியத்தை விசாரித்து, பெலிட்டி, அண்டா என்னும் வைத்தியர்கள் 1998 முதல் முடிவுகளை வெளியிட்டனர். அடி, வசவு, வீட்டில் குடி, தாய் அடிபடக் காணுதல் முதலிய இன்னல்களுள் நான்கையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, ஒன்றும் அனுபவியாதவர்களைவிட, குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை இருந்தது. இன்னல் பெருகப் பெருக இருதய வியாதியும் ஈரல் வியாதியும் பெருகின. ஓயாத அச்சம், ஆபத்துக் காலத்தில் மட்டும் மிகவேண்டிய சுரப்பிநீர்களை இடைவிடாது மிகச்செய்து, வளரும் மூளையையும் தேகத்தையும் வருத்துகிறது. அவ்வேதனையை மறக்கவே பலர் கள்ளையும் சாராயத்தையும் நாடுகின்றனர்.

விசாரிக்கப்பட்டவர்களோ பெரும்பாலும் கல்வி கற்ற வெள்ளையர். வைத்தியத்துக்கு இன்ஷூரன்ஸ் உடையவர். அவர்களிடத்தும் இவ்விளைவு காணப்படுமாயின், குலத்தைப் பழிப்பது எவ்வாறு பொருந்தும்?

இன்னலுற்ற குழந்தைகள் யாவரும் கெட்டுப்போவதில்லை. அன்புடைய பெரியவர் ஒருவரின் ஆதரவு நிலையாகக் கிடைப்பின் கேடு பெரிதும் தணிகிறது. ஆகையால் இதைத் தலையெழுத்தென்று கைவிடுவதற்கில்லை.

குழந்தையின் உழைப்பை அடகு வைப்பது செல்லாதென 1933-லேயே சட்டம் செய்யப்பட்டது. 1976-ம் வருஷத்துச் சட்டம் கொத்தடிமைக் கடனையே ரத்து செய்தது. எனினும் 2018-ல் கஜா புயலுக்குப் பின்னர், கடனுக்காக ஆட்டுக்கிடைக்காரரிடம் விடப்பட்ட சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்தியைப் பத்திரிகைகளில் படித்தோம். சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, கேட்பார் வேண்டும்.

தேசத்தொண்டர்களே! உங்கள் கிராமத்தில் பிறர் கிடையின் பின்னே செல்லும் சிறுவனைக் கண்டால், அவன் யார் பிள்ளை, எந்தக் கடனுக்காக வந்தான் என்று விசாரியுங்கள். கலெக்டருக்கு எழுதுங்கள். மீட்டபின் பள்ளியில் சேர்த்து, அவனை மறவாது போய்ப் பாருங்கள். குடியை ஒழிக்க மேடையேறிப் பேசுவது எளிது. குடிக்கவேண்டிய துயரம் ஒரு குழந்தைக்கு நேராமற் காப்பதே மெய்யான மதுவிலக்கு.